ஏழாம் நம்பர் காலியா இருந்துச்சு

...அதெல்லாம் அப்புறம் இன்ஜினியரம்மா. ரிப்பேருக்கு என்ன அவசரம்? பத்து நாளா செத்துக் கெடக்குற இன்டர்நெட் பெட்டி, இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கட்டும். எனக்கு மொதல்ல காகிதம் வேணும். உங்க கம்பெனி முத்திரை, கீழ உங்க கையெழுத்து. "மஸ்கட் கடைப் பெட்டியில ஒரு பழுதும் இல்லை, இணைப்பை அறுத்தது நிஸ்வா பக்கம்." அவ்வளவுதான் வாசகம். இதுக்குப் போயி லேப்டாப்பை எல்லாம் தொறக்கணுமா?

சரி, தொறங்க. பாத்துட்டுத்தான் எழுதுவேன்னு சொல்றவங்களை எனக்குப் புடிக்கும். வேற நாளா இருந்தா இன்னும் நல்லாப் புடிக்கும். இன்னிக்கு மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்ச கையோட அவன் வர்றான். நிஸ்வாலேர்ந்து கிளம்பிட்டான்னு அவன் கடைப் பக்கத்துல அல்வா விக்கிறவன் போன் பண்ணிச் சொல்லிட்டான். ஒண்ணே முக்கா மணி நேர ரோடு. அவன் ஓட்டுற ஓட்டுக்கு ரெண்டே கால். அதுக்குள்ள காகிதம் என் மேசை மேல இருக்கணும். அவன் உள்ள வருவான், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், காகிதத்தை மட்டும் இப்படித் தள்ளுவேன். வெரலால. ஒரே ஒரு வெரலால.

யாருன்னா கேட்டீங்க? ஸஹ்ரான். கூட்டாளி. வெளிய போர்டுல பாத்திருப்பீங்களே, 'முஹன்னா - ஸஹ்ரான், சிறப்பு எண்கள்'னு. நான் முஹன்னா. கார் நம்பர், போன் நம்பர், ரெண்டும் பாக்கறோம். ஒரு மனுஷனுக்கு வண்டி எதுக்கு இன்ஜினியரம்மா? நம்பரை மாட்டுறதுக்கு. சிரிக்காதீங்க. பதினஞ்சு வருஷம் ஓடின துருப்புடிச்ச பிக்கப்ல மூணு இலக்க நம்பரை மாட்டி மத்ராவுக்குள்ள விடுங்க, போலீஸ்காரன் கையை நெஞ்சுல வெச்சு வழி விடுவான். புத்தம் புது வண்டியில அஞ்சு இலக்கத்தை மாட்டுங்க, ஈச்சம்பழம் ஏத்தற லாரி கூட ஹார்ன் அடிச்சுத் தள்ளிப் போகச் சொல்லும். நம்பர்தான் மனுஷன். இதை நான் பள்ளிக்கூடத்துல படிக்கல. பள்ளிக்கூடம் என்னை அஞ்சாவதோட வெளிய தள்ளிருச்சு. எனக்குப் பாடம் எடுத்தது நிஸ்வா ஆட்டுச் சந்தை. வெள்ளிக்கிழமை காலையில ஆட்டைக் கயித்துல புடிச்சுக்கிட்டு வட்டமா சுத்தி வரணும், வெலையைக் கூவிக்கிட்டே. கொறச்சுக் கேக்குறவன் மூஞ்சியைப் பாக்கக் கூடாது. பாத்தா போச்சு.

அங்கதான் அவனைப் பாத்தேன். ஒரு கெடாவை அவன் தலையில கட்டினேன். பல்லு பாதி இல்லாத கெடா. வாயை மட்டும் தொறக்க விடல. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து நின்னான். சண்டைக்கு வர்றான்னு நான் கைத்தடியை எல்லாம் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா? எப்படி வாயைத் தொறக்க விடாமப் புடிச்சேன்னு காட்டச் சொன்னான். அன்னிலேர்ந்து கூட்டாளி. ஆடு போயி கார் வந்து, கார் போயி கார் நம்பர் வந்து, கடை வெச்சே பத்தொம்பது வருஷம். கிண்ணத்தைக் குடுங்க, கஹ்வா காப்பி ஊத்தறேன்.

அவன் நிஸ்வாவுல, நான் இங்க மஸ்கட்ல, வாதி கபீர்ல. ரெண்டு கடைக்கும் ஒரே பதிவேடு. அந்தப் பதிவேடுதான் எங்க உசிரு. எந்த நம்பரை யாருக்குத் தர்றதா வாக்குக் குடுத்திருக்கோம்கிறது அதுல இருக்கும். நம்பர் பேருக்கு மாறுறது அப்புறம் போலீஸ் ஆபீஸ்ல, அது ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் இருக்கறது வாக்கு மட்டும்தான். நான் இங்க ஒரு நம்பருக்கு வாக்குக் குடுத்து எழுதினா அடுத்த நொடி அவன் திரையில தெரியும். அவன் எழுதினா எனக்குத் தெரியும். தெரிஞ்சா அதைத் தொட மாட்டோம். அதுக்குத்தான் இந்தப் பெட்டி. ஹிலால்னு ஒருத்தன் வெச்சுக் குடுத்தான், இப்ப ஸலாலாவுக்கு வேலை மாத்திக்கிட்டுப் போயிட்டான். இங்கேர்ந்து நிஸ்வாவுக்கு இன்டர்நெட்டுக்குள்ளயே ஒரு சுரங்கம் தோண்டியிருக்கேன்னு சொன்னான். தோண்டினவன் போயிட்டான், அடைச்சவன் நிஸ்வாவுல இருக்கான்.

போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, இந்தத் தெருவுல கரண்டு போச்சு. இருபது நிமிஷம். வந்துச்சு. பெட்டி எரிஞ்சுது, பச்சை விளக்கெல்லாம் ஒழுங்கா எரிஞ்சுது. நான் உக்காந்தேன், வியாபாரம் பாத்தேன். நிஸ்வாலேர்ந்து ஒரு எழுத்தும் வரல. சரி, அவனுக்கு வியாபாரம் இல்ல போலன்னு... சந்தோஷம்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் நிம்மதி. திங்கக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஸீப்லேர்ந்து ஒரு கப்பல் கேப்டன் வந்தாரு. 3113 கேட்டாரு. பாத்தேன், பதிவேட்டுல காலி. அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசினோம், அவரு ரெண்டு தடவை எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாரு, நான் ஒரு தடவை எந்திரிச்சுப் பின்கதவு வரைக்கும் போயிட்டு வந்தேன். முடிஞ்சுது. கையைக் குலுக்கி வாக்குக் குடுத்தேன்.

புதன்கிழமை நிஸ்வாலேர்ந்து போன். அதே 3113-ஐ அவன் பஹ்லா ஊர் மர்ஹூனுக்குக் குடுத்திருக்கான். மர்ஹூனோட மகனுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வண்டியில அந்த நம்பர் நிக்கணும். கல்யாணம் வர்ற வெள்ளிக்கிழமை. எப்படா குடுத்தேன்னு கேட்டேன். திங்கக்கிழமை காலையில, எழுதிட்டேன்கிறான். எனக்கு வரலையேங்கிறேன். எழுதிட்டேன்கிறான். எனக்கு வரல. எழுதிட்டேன். இப்படியே கால் மணி நேரம். அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு பட்டுச்சு. சுரங்கத்தை அடைச்சுட்டு, நான் கேப்டனுக்குக் குடுத்ததைத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு அப்புறம் முன்தேதி போட்டு எழுதிக்கிட்டான்.

என்ன பாக்குறீங்க? முடியாதா? அவனால எப்படி அடைக்க முடியும்னா? கேள்வி நியாயம்தான். போன்ல டார்ச்சு எரிஞ்சா அதை அணைக்கத் தெரியாம தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்குறவன் அவன். ஆனா இன்ஜினியரம்மா, கெட்ட எண்ணம் வந்துட்டா மனுஷனுக்குத் தானாத் தெரிஞ்சுரும். ஆளை வெச்சுச் செஞ்சிருக்கலாம். அல்வாக்காரன் மகன் கூட மஸ்கட்ல கம்ப்யூட்டர் படிக்கிறான்.

கோவம் வந்துருச்சு. எனக்குக் கோவம் வந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன். பதினொண்ணு அனுப்பினேன். ஏழாவதுல பொய்யன்னு சொன்னேன். ஒம்பதாவதுல அவன் அப்பாவை இழுத்தேன், அதை மட்டும் அழிச்சுட்டேன், ஆனா அவன் கேட்டுட்டான், ரெண்டு நீல டிக்கு வந்துருச்சு. பதினொண்ணாவதுல கூட்டு முடிஞ்சுதுன்னேன். அவன் கத்தல. ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினான். அடுத்த புதன் லுஹருக்கு அப்புறம் வர்றானாம், பிரிக்கிற காகிதத்தோட. அதுக்கப்புறம் ஒரு வாரமா போனும் இல்ல, ஸலாமும் இல்ல. பத்தொம்பது வருஷத்துல அவன் குரலைக் கேக்காத வாரம்னு ஒண்ணு இருந்ததில்ல. நல்லா நிம்மதியாத்தான் இருக்கேன். சோறு மட்டும் எறங்க மாட்டேங்குது.

இல்ல, உங்களை முன்னாடியே ஏன் கூப்பிடணும்? அவன் அடைச்ச கதவைத் தொறக்க நான் எதுக்கு ஆள் புடிக்கணும்? அவனும் இதையே சொல்லிக்கிட்டு அங்க உக்காந்திருப்பான், அவன் புத்தி எனக்குத் தெரியாதா.

போதும்னு ஆட்டிட்டீங்களா கிண்ணத்தை. சரி, ஊத்தல. என்ன அது ஓடுது திரையில? ம்... இங்கேர்ந்து போறதெல்லாம் போகுதா? பாத்தீங்களா, சொன்னேன்ல. என் பக்கம் சுத்தம். என்ன, நிஸ்வாலேர்ந்தும் வருதா? வந்தா எங்க அது? வாசல்ல... நம்ம வாசல்லயா? நம்ம பெட்டி வாசல்லயா? அதுவும் நொடிக்கு நொடி வந்து நிக்குதா, பத்து நாளா?

பெட்டிக்குள்ள ஃபயர்வால்னு ஒரு காவக்காரனா? அவன் விட மாட்டேங்குறான்னா அவனைத் தூக்கிருங்க. வேற காவக்காரனைப் போடுங்க.

தொட்டது யாரா? இந்தப் பெட்டியை யாரும் தொடல. நான் மட்டும்தான் இருக்கேன். தூசி தட்டுவேன். அதுக்குள்ளயா... அதுக்குள்ள ஒரு தடவை போனேன். ஹிலால் ஸலாலா போறதுக்கு முன்னாடி எனக்கு எல்லாத்தையும் காட்டிட்டுத்தான் போனான். பாஸ்வேர்டைக் காகிதத்துல எழுதி பெட்டியோட வயித்துல ஒட்டியிருக்கான் பாருங்க. காசு குடுத்து வாங்கின பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்காம விடறது என் பழக்கம் இல்ல. ஆட்டு வாயைத் தொறந்து பாக்காம வாங்கினவன் கதையைத்தான் இப்பச் சொன்னேன். அந்தப் பெட்டிக்குள்ள, இன்டர்நெட்டுல சரக்கு போற முறைங்களோட பட்டியல் ஒண்ணு இருக்கு இன்ஜினியரம்மா. நீங்க பாத்திருப்பீங்க. எவ்வளவு அழகான பட்டியல்! ஒரு பக்கம் பேரு, பக்கத்துல நம்பரு, அதுக்கும் பக்கத்துல பட்டப்பேரு. பட்டப்பேருன்னு போட்டுட்டு அதே பேரைப் பெரிய எழுத்துல எழுதியிருக்கான், கற்பனையே இல்லாத பய. எங்க ஊர்ல ஒரு மனுஷனுக்கு நாலு பட்டப்பேரு இருக்கும், ஒண்ணு கூட அவன் பேரு மாதிரி இருக்காது.

என் கண்ணு பேரைப் பாக்கல. நம்பரைத்தான் பாத்துச்சு. அது தொழில் கண்ணு. பூஜ்யம் ஒருத்தன் வெச்சிருக்கான். ஒண்ணு ஒருத்தன். ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறாம் நம்பரை டி.சி.பி வெச்சிருக்கான். அவன் பெரிய ஆளாம், உலகத்துல பாதிச் சரக்கு அவன் பேருலதான் போகுதாம், ஹிலால் சொன்னான். பெரிய ஆளுக்கு ஒத்தை இலக்கம், நியாயம். எனக்கு ஆட்சேபணை இல்ல. மொத்தமே எரநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும்தானாம். பூஜ்யத்தையும் சேத்து எரநூத்தி அம்பத்தாறு நம்பர்! உலகத்துக்கே! அந்த மாதிரி ஒரு சந்தையை நான் பாத்ததே இல்ல. நம்ம சுரங்கத்துக்கு என்ன பேருன்னு கேட்டேன். ஜி.ஆர்.இ.ன்னான். தேடினேன். கீழ, கீழ, இன்னும் கீழ போயி... நாப்பத்தேழு.

நாப்பத்தேழு, இன்ஜினியரம்மா. நம்பர் விக்கிற கடைக்கு நாப்பத்தேழு. தையக்கடைக்காரன் கிழிஞ்ச சட்டையோட உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. நாப்பத்தேழை எவனாவது என் கடைக்கு எடுத்துக்கிட்டு வந்தா அவனை உக்காரக்கூடச் சொல்ல மாட்டேன். அதுல ஒரு மடிப்பு இல்ல, திருப்பிப் போட்டா வர்ற அழகு இல்ல. சரி போகட்டும்னு மேல போனேன். அப்பத்தான் பாத்தேன். ஆறு இருக்கு. அதுக்கு அடுத்தது எட்டு.

ஏழு காலி.

ஒத்தை இலக்கம். சும்மா கெடக்குது. கேக்க நாதி இல்ல. கண்ணாடியைத் தொடச்சு மாட்டிக்கிட்டு மறுபடி பாத்தேன். இந்த ஓமான்ல ஒத்தை இலக்க நம்பர் வெச்சிருக்கறவன் யாரு யாருன்னு என்னைக் கேளுங்க, வீடு வாசலோட சொல்றேன். அவங்க வாசல்ல எல்லாம் நான் நின்னிருக்கேன். ஏழு காலியா இருக்குறதை எந்தப் பயலும் பாக்கல, நான் பாத்தேன். ஹிலால்கிட்ட சொல்லல. சொன்னா அவனே எடுத்துருவான்னு ஒரு பயம். அவன் போனதுக்கு அப்புறம், ஒரு நாள் மத்தியானம், கதவைச் சாத்திட்டு உள்ள போனேன். ஒரே ஒரு நாலை அழிச்சேன். நாப்பத்தேழு ஏழாச்சு. அவ்வளவுதான். ஒரு எழுத்து. பெட்டி ஒண்ணும் சொல்லல, சுரங்கம் பாட்டுக்கு வேலை செஞ்சுது. அன்னிக்கே கெட்டுப் போயிருந்தா நானே திருப்பி வெச்சிருப்பேன். ஒரு மாசம் ஓடுச்சே.

ஸஹ்ரான்கிட்ட சொல்லல. அவன் பொறந்த நாளைக்குச் சொல்லலாம்னு... அவனுக்குப் பொறந்த நாளும் தெரியாது, ஜனவரி ஒண்ணுன்னு பாஸ்போர்ட்ல போட்டிருக்கான். அன்னிக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். 'ஸஹ்ரான், நம்ம கடையோட சுரங்கம் உலகத்துலயே ஏழாம் நம்பர்'னு.

ஏன் தட்டுறதை நிறுத்திட்டீங்க?

ஏன் என்னைப் பாக்குறீங்க?

இருங்க. மெதுவா. என் பாஷையில நானே சொல்லிப் பாக்கறேன், தப்புன்னா தலையை ஆட்டுங்க. சுரங்கத்துல போற வர்ற ஒவ்வொரு பொட்டலத்து நெத்தியிலயும் நம்பர் குத்தியிருக்கு. பேரு குத்தலையா? பேரே கெடையாதா? மிஷினுக்குப் பேரு தெரியாது, நம்பர்தான் தெரியும். பேரெல்லாம் நம்ம மாதிரி மனுஷங்க படிக்கிறதுக்கு. அப்ப அந்தப் பட்டியல்... பேரைச் சொன்னா நம்பரைச் சொல்ற புத்தகம். அவ்வளவுதான். பட்டியல்ல எழுதினா நம்பர் மாறாதா? என் போன்ல ஸஹ்ரான் பேருக்கு நேரா வேற நம்பரை எழுதிட்டா ஸஹ்ரானோட நம்பர் மாறிருமான்னு கேக்குறீங்க.

...நல்ல கேள்வி.

ஆனா ஒரு மாசம் ஓடுச்சேம்மா. அதுக்கு என்ன சொல்றீங்க? காவக்காரன் எந்திரிக்கிறப்போ மட்டும்தான் புத்தகத்தைப் பாப்பானா? அவன்கிட்ட ஹிலால் எழுதி வெச்ச உத்தரவுல 'ஜி.ஆர்.இ வந்தா உள்ள விடு'ன்னு பேருதான் இருக்கு. அவன் எந்திரிச்சு, புத்தகத்துல அந்தப் பேருக்கு என்ன நம்பர்னு பாத்து, அதை மனப்பாடம் பண்ணிக்கிட்டு, புத்தகத்தை மூடிட்டு வாசலுக்குப் போயிருவான். பழைய நாப்பத்தேழோட ஒரு மாசம் நின்னிருக்கான். கரண்டு போயி வந்ததும் மறுபடி எந்திரிச்சான். மறுபடி புத்தகத்தைப் பாத்தான்.

ஏழு.

நிஸ்வாக்காரன் பொட்டலம் நெத்தியில நாப்பத்தேழோட வந்து நிக்குது. காவக்காரன் ஏழைத் தேடிக்கிட்டு நிக்கிறான். அங்கேர்ந்து 'வந்துருச்சு'ன்னு பதில் வந்து சேராததால நான் எழுதினதும் அவன் திரையில ஏறலையா? என் பக்கத்துலேர்ந்து போற பொட்டலத்துலயும் நாப்பத்தேழுதான் குத்தியிருக்கா, இத்தனை நாளும்? முத்திரை குத்துறவன் புத்தகத்தையே பாக்க மாட்டானா? அவனுக்குப் பொறந்ததுலேர்ந்து மனப்பாடமா? அப்ப நான் ஏழு ஏழுன்னு சந்தோஷப்பட்டது எனக்குள்ளயேதானா?

சரி. சரி, சரி. ஒரு வழி இருக்கும். நம்பரைக் குடுக்குறது யாரு? ஒரு ஆபீஸ் இருக்கும்ல. அங்க பேசுவோம். ஏழை முறைப்படி வாங்கிருவோம், எவ்வளவு கேட்டாலும் பாத்துக்கலாம், நான் பேசறேன், நீங்க வெலை மட்டும் சொல்லாதீங்க. என்ன? ஏழுக்கு ஏற்கனவே ஆள் இருக்கா? எங்க இருக்கான், பட்டியல்ல இல்லையே? அவனை யாரும் இப்பத் தேடறதில்லன்னு இந்தப் பெட்டிக்காரன் பேரை விட்டுட்டானா. ஆள் காணோம்னா நம்பர் காலின்னு அர்த்தம் இல்லையா? எங்க தொழில்ல அதுதானே அர்த்தம். ஏலம்? ஏலமே கெடையாதா? விக்கவே மாட்டாங்களா? தேவைன்னு எழுதிக் கேட்டா, நியாயமா இருந்தா, அடுத்த நம்பரைச் சும்மா குடுத்துருவாங்களா? சும்மாவா? டி.சி.பி.யும் ஆறைச் சும்மாத்தான் வாங்கினானா?

என்னம்மா உலகம் இது.

இருங்க, அதை அப்படியே எழுதிராதீங்க. பேசுவோம். காகிதத்துல 'மின்சாரத் தடையால் ஏற்பட்ட பழுது'ன்னு போடுங்க. பொய் இல்லையே, கரண்டு போனதாலதானே காவக்காரன் எந்திரிச்சான்? முக்காப் பங்கு கரண்டு. கால் பங்கு நான்னு வெச்சுக்குங்க. சரி, பாதிப் பாதி. பாதி கரண்டு, கால் ஹிலால், அவன்தானே பாஸ்வேர்டை வயித்துல ஒட்டினது, மீதிக் கால் நான். இதுக்கு மேல நான் எறங்க முடியாது. நீங்க என் மூஞ்சியவே பாக்குறீங்களே... சந்தையில நின்னிருக்கீங்களா நீங்க எப்பவாவது?

சரி. நாலைப் போடுங்க. போட்டுட்டு அந்தக் காவக்காரனைத் தட்டி எழுப்புங்க. எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்குள்ளயா. தட்டின சத்தம் கூடக் கேக்கல. பத்து நாள் இதுக்கு.

ஓ... வருது. பதிவேடு வருது. எல்லாம் நிஸ்வா எழுத்து, சாரை சாரையா வருது பாருங்க. கண்ணாடி எங்க வெச்சேன்... நீங்களே படிங்க, வேணாம், நானே படிக்கறேன். திங்கக்கிழமை. 3113. பஹ்லா மர்ஹூன், மகன் கல்யாணத்துக்கு. வாக்குக் குடுத்தாச்சு. நேரம், காலை ஒம்பது நாப்பது.

அந்த நேரத்தைப் பெட்டியே போடும் இன்ஜினியரம்மா. முன்தேதி எல்லாம் போட முடியாது. அதை நான்தான் ஹிலால்கிட்ட சொல்லிப் போட வெச்சேன்.

அப்புறம் என்ன இது? வியாழன். 808. இஸ்கி வாத்தியார் கேட்டார். வாக்குக் குடுக்கல. அடைப்புக்குறிக்குள்ள ஏதோ... 'முஹன்னா இதை யாருக்காவது குடுத்திருக்கானான்னு தெரியல.' சனிக்கிழமை. 4040. குடுக்கல. 'முஹன்னாவைக் கேக்கணும்.' அதே சனிக்கிழமை இன்னொண்ணு. ஞாயிறு. குடுக்கல. 'தெரியல.' திங்கள், ரெண்டு பேரு, குடுக்கல. நேத்து... நேத்து 909 கேட்டு வந்திருக்கான் ஒருத்தன். 909-ஐ ஆறு மாசமா ஆள் கெடைக்காம வெச்சிருக்கோம். அதையும் குடுக்கல. 'முஹன்னா கோவத்துல இருக்கான். கேக்காமக் குடுத்தா இன்னும் தப்பாப் போயிரும்.'

போதும். கீழ தள்ளாதீங்க.

அவனை நான் பொய்யன்னு சொன்னதுக்கு அப்புறம் எழுதினது இதெல்லாம். அவன் எழுதறது எனக்கு வரலைன்னு தெரிஞ்சே எழுதியிருக்கான். இதே நாள்ல நான் இங்க எத்தனை பேருக்குக் குடுத்தேன் தெரியுமா? பதினாலு. ஒரு தடவை கூட அவன் ஞாபகம் வரல எனக்கு. ஞாபகம் வந்துச்சு. வந்தப்போ எல்லாம் சீக்கிரம் குடுத்தேன், அவன் முந்திக்குவான்னு.

அது அவன் வண்டிதான். அந்த சைலன்சர் சத்தம் எனக்குத் தெரியும். சீக்கிரம் வந்துட்டானே, இந்தப் பய எப்ப வண்டி ஓட்டக் கத்துக்கிட்டான்? இன்ஜினியரம்மா, நீங்க போகாதீங்க. பொம்பளை ஆள் இருந்தா அவன் சத்தம் போட மாட்டான். கேளுங்க, ஒரு யோசனை. உங்க ஊர் சூர்ல எப்படியோ, எங்க நிஸ்வாக்காரன் எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் உக்காந்ததும் என்ன சேதின்னுதான் கேப்பான். வீடே எரிஞ்சுக்கிட்டு இருந்தாலும் மொத வாட்டி 'சேதி ஒண்ணுமில்ல, எல்லாம் சுகம்'னுதான் பதில் சொல்லணும். அப்புறம் நான் கேக்கணும், அவன் ஒண்ணுமில்லம்பான். மறுபடி அவன் கேப்பான். பண்பாடு. அதுல ஒரு பத்து நிமிஷம் ஓடிரும். அதுக்குள்ள நான் ஏதாவது ஒரு வழி யோசிச்சுருவேன். கரண்டு ஆபீஸ் மேல போட்டா எப்படி... ஆமா, தெருவே சாட்சி சொல்லும். நீங்க பக்கத்துல உக்காந்து தலையை மட்டும் ஆட்டுங்க, வாயைத் தொறக்க வேணாம். என்ன சொல்றீங்க?

இன்ஜினியரம்மா?

பையைக் காணோம். பின்கதவு வழியாவா? கிண்ணத்தைக் கவுத்து வெச்சுட்டுப் போயிருக்கு, பாரு.

வா. உள்ள வா ஸஹ்ரான், வஅலைக்குமுஸ் ஸலாம். செருப்போடயே நிக்குறியே, கழட்டிட்டு வா. இளைச்சுட்ட. அது என்ன கையில, பெரிய உறையா... ஆமா, தெரியும் என்னன்னு. உக்காரு. உக்காரமாட்டியா. சரி, நில்லு.

என்ன சேதியா?

சேதி...

சேதி இருக்கு, ஸஹ்ரான். ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. கதவைச் சாத்தினது நீ இல்ல. நான். உள்ளேர்ந்து நானே சாத்திட்டு, வெளிய நின்ன உன்னைத் திட்டியிருக்கேன். நீ திங்கக்கிழமை காலையிலயே எழுதியிருக்க, இப்பத்தான் படிச்சேன். அதுக்கப்புறம் எழுதினதையும் படிச்சேன். எல்லாத்தையும். அந்த நம்பர் மர்ஹூன் மகனுக்குத்தான். ஸீப்புக்கு நானே போறேன், இன்னிக்கு சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னாடி. கேப்டன் வீட்டு வாசல்ல நின்னு குடுத்த வாக்கைத் திருப்பிக் கேக்கறேன். அவரு என்ன பேசினாலும் பதில் பேச மாட்டேன். ஆமா, நான்தான் சொல்றேன். பதில் பேச மாட்டேன்.

அந்த ஒம்பதாவது மெசேஜ், உங்க அப்பாவைப் பத்தி... அதை நீ கேட்டிருக்கக் கூடாது. நான் சொல்லியிருக்கவே கூடாது.

ஏன்னா கேக்குற? ஏன் சாத்தினேன்னா? அது ஒரு சின்ன விஷயம். சொன்னா நீ சிரிப்ப. சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. உறையைக் கீழ வெச்சுட்டுப் பண்ணு. ஒரு பட்டியல்ல ஒரு நாலு இருந்துச்சு, அதை நான் அழிச்சேன். எந்த நாலுன்னா கேக்குற? நாலு, ஸஹ்ரான், நாலு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு. கேப்டனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நம்ம கடைக்கு ஒத்தை இலக்கம் கெடைக்கட்டும்னு... நமக்குத்தான்டா, எனக்கு மட்டும் இல்ல, போர்டுல உன் பேரும்தானே இருக்கு...

பாத்தியா. சிரிக்குற.